பிள்ளைகளைக் கண்ணால் எடை போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். பத்தொன்பது வருஷமாக இந்த வேலை. உங்கள் நாளிதழைப் பள்ளி நூலகத்தில் தினமும் படிக்கிறேன், விளையாட்டுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவேன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. போன மாதம் விளையாட்டுக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒரு தேர்வுக் களத்தில் நடந்தது மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது, அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், முடிந்தால் முழுவதும் போடுங்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியைக் குண்டு எறிதலுக்காகத் தேர்வுக்குக் கூட்டிப் போயிருந்தேன். பதிமூன்று வயது, உயரம் 154 செ.மீ., எடை 68 கிலோ. காலை முதல் பேருந்தைப் பிடித்து, அவள் அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தை வழியிலேயே சாப்பிட்டு, ஏழரைக்கெல்லாம் கிரவுண்டில் நின்றோம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஒருவர் பார்த்துக்கொண்டே வந்தார். இவளிடம் வந்ததும் நின்றார், மேலும் கீழும் பார்த்தார், "நீ அந்தப் பக்கம் போம்மா" என்றார். ஓடிப் போய் என்ன சார் என்று கேட்டேன். "மேடம், இந்தப் பொண்ணு வெயிட் ரொம்ப ஜாஸ்தி. முதல்ல குறைச்சிட்டு வரச் சொல்லுங்க, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றார். அவ்வளவுதான். ஓடச் சொல்லவில்லை, தாண்டச் சொல்லவில்லை, குண்டு எறிதலுக்கு வந்த பிள்ளை கையில் ஒரு குண்டைக்கூட யாரும் கொடுக்கவில்லை. எங்கள் பள்ளி மைதானத்தில் 3 கிலோ குண்டைப் பத்து மீட்டர் தாண்டி எறிகிறவள் அவள். அந்த எடையோடு நின்ற இடத்திலிருந்து 1.85 மீட்டர் தாண்டுகிறவள். திரும்பும்போது பேருந்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊர் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மனிதரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. அவர் செய்ததை நாம் எல்லோருமே செய்கிறோம். ஒல்லியான பையன் என்றால் "காத்தடிச்சா பறந்துடுவான், இவனா கபடி ஆடப் போறான்" என்கிறோம், பருமனான பிள்ளை என்றால் குனிந்து நிமிர்வாளா என்று சந்தேகப்படுகிறோம், குள்ளமாக இருப்பவனை வாலிபால் வலைக்குப் பக்கத்திலேயே விடுவதில்லை. பெற்றோரும் அப்படி, பக்கத்து வீட்டுக்காரர்களும் அப்படி, எங்களைப் போன்ற ஆசிரியர்களும் பல சமயம் அப்படித்தான். உடம்பைப் பார்த்தே அதற்குள் எவ்வளவு பவர் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்று நினைக்கிறோம். சொல்ல முடியாது. ஏன் முடியாது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

முதலில் பலமும் பவரும் ஒன்றில்லை. நம் பக்கத்துக் கிராமங்களில் கோயில் வாசலில் கிடக்கும் இளவட்டக்கல்லைப் பார்த்திருப்பீர்கள். குனிந்து, முழங்காலுக்குக் கொண்டுவந்து, மூச்சுப் பிடித்து நெஞ்சுக்கு ஏற்றி, அப்புறம் தோளுக்குத் தள்ளுவார்கள். அதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை, கல் தோளைத் தாண்டி விழுந்தால் சரி. அது பலம். ஓட்டத்தில் அந்த அவகாசம் கிடையாது. நூறு மீட்டர் ஓடுகிறவர் முழு வேகத்தில் இருக்கும்போது ஒரு கால் தரையில் படுவது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம், நல்ல வீரர்களுக்கு அதற்கும் குறைவு. அதற்குள் தன் எடையைப் போல நான்கு மடங்குக்கு மேல் தரையை அழுத்தி உதைக்க வேண்டும். ஒரு தசை தன் முழு பலத்தையும் திரட்டவே விநாடியில் மூன்றில் ஒரு பங்காவது ஆகும். அப்படியென்றால் எவ்வளவு பலம் இருக்கிறது என்பதோடு, அதில் எவ்வளவை அந்தக் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளியே எடுக்க முடிகிறது என்பதும் சேர்ந்ததுதான் பவர். குண்டு எறிதலிலும் கடைசித் தள்ளல் கால் விநாடிக்குள் முடிந்துவிடும். வெடிப்பு ஆற்றல் என்று பாடப் புத்தகத்தில் சொல்வது இதைத்தான்.

இந்த வெடிப்பைக் கொடுக்கும் பெரும்பாலான விஷயங்கள் வெளியே தெரியாது. தசைக்குள் மெதுவாகச் சுருங்கும் இழைகளும் உண்டு, வேகமாகச் சுருங்கும் இழைகளும் உண்டு. யாருக்கு எது எவ்வளவு என்பதில் பிறப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது, தொடையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. குதிகாலுக்கு மேலே தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் எவ்வளவு விறைப்பாக, ஸ்பிரிங் மாதிரி திருப்பி அடிக்கிறது என்பதும், மூளையிலிருந்து வரும் கட்டளை எத்தனை இழைகளை ஒரே நேரத்தில் எழுப்புகிறது என்பதும் அப்படித்தான். ஏசிடிஎன்3 என்று ஒரு மரபணு இருக்கிறது. வேக இழைகளுக்கு வேண்டிய ஒரு புரதத்தை அது உண்டாக்குகிறது. உலகத்தில் ஆறில் ஒருவருக்கு அந்தப் புரதமே உடம்பில் கிடையாது. அவர்கள் நன்றாகத்தான் இருக்கிறார்கள், நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், ஆனால் உச்ச நிலை ஓட்டக்காரர்களில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. வரிசையில் நிற்கும் இருபது பிள்ளைகளில் யாருக்கு அது இருக்கிறது, யாருக்கு இல்லை என்று எந்தக் கண்ணால் பார்ப்பது? மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லவில்லை, அது மட்டும் ஒருவரை வீரராக்காது. கண்ணுக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, எடைக்கு வருகிறேன். எடைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அது பொய். வகுப்பில் பிள்ளைகளை முதலில் வெறுமனே குதிக்க வைத்துச் சுவரில் சாக்பீஸால் குறி போடச் சொல்வேன், அப்புறம் புத்தகப் பையை மாட்டிக்கொண்டு குதிக்கச் சொல்வேன். எல்லோருக்கும் குறி கீழே இறங்கிவிடும். தேவைக்கு மேலுள்ள கொழுப்பும் அந்தப் பை மாதிரிதான், வேலை செய்யாது, நாம்தான் அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். தசையும் எடைதான், ஆனால் அது தன்னையும் தூக்கி மற்றதையும் தூக்கும். அதனால் உயரம் தாண்டுதல், நீளம் தாண்டுதல், ஓட்டம் போன்றவற்றில், அதாவது தன் உடம்பையே தான் எறிய வேண்டிய போட்டிகளில், கிலோவுக்கு எவ்வளவு பவர் என்பதுதான் கணக்கு. நம் தூத்துக்குடி மாவட்டம் முதலூர் ஜெஸ்வின் ஆல்ட்ரின் 2023-ல் நீளம் தாண்டுதலில் 8.42 மீட்டரும், எங்கள் திருவாரூர் மாவட்டத்துப் பிரவீன் சித்ரவேல் அதே வருஷம் ஹவானாவில் மும்முறைத் தாண்டுதலில் 17.37 மீட்டரும் தாண்டித் தேசியச் சாதனை வைத்தார்களே, அவர்கள் இருவரின் மெலிந்த உடம்பு அந்தப் போட்டிகளுக்குப் பொருத்தமானது.

குண்டு எறிதலில் கணக்கே வேறு. எறிகிறவர் 40 கிலோ இருந்தாலும் 68 கிலோ இருந்தாலும் குண்டு அதே 3 கிலோதான். அங்கே மொத்தப் பவர் முக்கியம். செங்குத்தாகக் குதிக்கும் உயரத்தையும் எடையையும் வைத்துப் பவரை மதிப்பிட ஒரு சூத்திரம் இருக்கிறது, 1999-ல் சேயர்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது. குதிக்கும் உயரத்தைச் செ.மீ.யில் எடுத்து 60.7-ஆல் பெருக்க வேண்டும், எடையைக் கிலோவில் எடுத்து 45.3-ஆல் பெருக்க வேண்டும், இரண்டையும் கூட்டி 2055-ஐக் கழித்தால் வாட் கணக்கு வரும். என் வகுப்பிலேயே 40 கிலோ இருக்கும் ஒரு பெண் 36 செ.மீ. குதிக்கிறாள். அவளுக்கு வருவது சுமார் 1,942 வாட். நான் சொன்ன பெண் 30 செ.மீ. தான் குதிக்கிறாள், ஆனால் 68 கிலோவைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறாள், அவளுக்கு வருவது சுமார் 2,846 வாட். கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. கிலோவுக்கு எவ்வளவு என்று வகுத்தால் முதல் பெண் 48-க்கு மேல், இவள் 42-ஐ ஒட்டி. முதல் பெண்ணை நான் நீளம் தாண்டுதலுக்கு அனுப்புவேன், இவளைக் குண்டு எறிதலுக்குத்தான் அனுப்புவேன், அப்படித்தான் அனுப்பினேன். சூத்திரம் வளர்ந்தவர்களை வைத்துப் போட்டது, பிள்ளைகளுக்கு அச்சு அசலாகப் பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன். ஆனால் குதிக்கும் உயரத்தை மட்டும் பார்த்து இவளைக் கழித்துவிட்டால் எதை இழக்கிறோம் என்பது அதில் தெரிகிறது. அந்தத் தேர்வில் அவளைக் குதிக்கச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

குண்டு எறிதலுக்கு உயரம் வேண்டும் என்று சொல்வார்கள். உதவும், மறுக்கவில்லை. குண்டு கையை விட்டுக் கிளம்பும் உயரம் 10 செ.மீ. கூடினால் தூரமும் ஏறக்குறைய அதே 10 செ.மீ. கூடும். ஆனால் 15 மீட்டர் எறிகிறவர் குண்டு கிளம்பும் வேகத்தை நூற்றுக்கு ஒன்று கூட்டினாலே தூரம் கால் மீட்டர் கூடிவிடும். உயரத்தை யாரும் பயிற்சியால் கூட்ட முடியாது, வேகத்தைக் கூட்டலாம். டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் குண்டு எறிதலின் மேடையை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். தங்கம் சீனாவின் கோங் லிஜியாவோ, 20.58 மீட்டர், அவர் உயரம் 1.75 மீட்டர். வெள்ளி அமெரிக்காவின் ரேவன் சாண்டர்ஸ், 19.79, உயரம் 1.65 தான், நம் ஊர்ப் பெண்களில் எத்தனையோ பேர் இருக்கும் உயரம். வெண்கலம் நியூசிலாந்தின் வேலரி ஆடம்ஸ், 19.62, உயரம் 1.93. அதற்கு முன்பு இரண்டு ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு வந்து வெண்கலம் வாங்கினார், மூன்று பேருமே எனக்குத் தெய்வம் மாதிரி. முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் உயரத்தில் 18 செ.மீ. வித்தியாசம், இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் 28 செ.மீ. எந்தத் தேர்வாளராவது அந்த மூவரையும் பதிமூன்று வயதில் வரிசையில் நிறுத்திப் பார்த்திருந்தால் யாரை "அந்தப் பக்கம் போம்மா" என்று சொல்லியிருப்பார்?

நீரஜ் சோப்ராவைச் சொல்லாமல் இருக்க முடியாது. பானிபட் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பருமனான பிள்ளையாக இருந்தவரை, உடம்பு இறங்கட்டும் என்றுதான் வீட்டில் மைதானத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஈட்டி எறிகிறவர்களைப் பார்த்துத்தான் அவருக்கு ஆசை வந்தது. 2021-ல் 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கினார், 2025-ல் தோஹாவில் 90 மீட்டரைத் தாண்டினார். மைதானத்தின் கேட்டிலேயே யாராவது அவரைத் திருப்பி அனுப்பியிருந்தால்?

ஓட்டத்திலும் ஒரே அச்சு கிடையாது. உசைன் போல்ட் 1.95 மீட்டர் உயரம், 2009-ல் பெர்லினில் 9.58 விநாடியில் ஓடினார். சீனாவின் சூ பிங்தியன் 1.72 மீட்டர்தான், 2021-ல் டோக்கியோவில் 9.83-ல் ஓடினார். ஷெல்லி-ஆன் ஃப்ரேசர்-பிரைஸ் 1.52 மீட்டர், நூறு மீட்டரில் ஐந்து முறை உலக சாம்பியன். நீளக் காலுக்கு ஒவ்வொரு காலடியும் பெரிதாக விழும், குட்டைக் காலைச் சீக்கிரம் மடக்கி நீட்டலாம், புறப்படும்போது வேகம் பிடிக்க அது சௌகரியம். பளு தூக்குதலில் இதைக் கூடுதல் தெளிவாகவே பார்க்கலாம். உடம்பு எல்லாப் பக்கமும் இரண்டு மடங்கு பெரிதானால் தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகும், எடையோ எட்டு மடங்காகிவிடும், அதனால் சிறிய உடம்பு தன் எடைக்கு மிஞ்சித் தூக்கும், பெரிய உடம்பு மொத்தமாக அதிகம் தூக்கும். துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 1.47 மீட்டர் உயரம், 60 கிலோ பிரிவில் 1988 சியோலில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார், தன் எடையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஜார்ஜியாவின் லாஷா தலாகட்ஸே 2021-ல் 267 கிலோ தூக்கினார், அவர் எடை 180 கிலோவை ஒட்டி, அதனால் மடங்குக் கணக்கில் ஒன்றரைதான். நம் மீராபாய் சானு 49 கிலோ பிரிவில் 119 கிலோவைத் தூக்கி உலக சாதனை வைத்தவர். இவர்களில் யார் உடம்பு சரியான உடம்பு என்று கேட்டால் கேள்வியே தப்பு. அதனால்தான் அந்த விளையாட்டில் எடைப் பிரிவுகள் வைத்தார்கள், வேலூர் சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் தங்கம் வாங்கியதும் தன் எடைக்காரர்களோடு மோதித்தான்.

இப்போது பிள்ளைகள் கைப்பேசியில் பார்க்கிற ரீல்ஸில் ஒரு வியாதி பரவியிருக்கிறது. நீ எக்டோமார்ஃப், நீ மீசோமார்ஃப், நீ எண்டோமார்ஃப், உனக்கு இதுதான் வரும் என்று முத்திரை குத்துகிறார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் வந்து "டீச்சர், நான் எக்டோமார்ஃப், எனக்கு பவர் வராது" என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு கனத்துப் போனது. ஒல்லி, கட்டுமஸ்து, பருமன் என்கிற இந்த மூன்று பெயரையும் வைத்தவர் அமெரிக்காவின் வில்லியம் ஷெல்டன், 1940-ல். கல்லூரி மாணவர்களின் புகைப்படங்களைப் பார்த்து உடம்பைப் பிரித்தார், அதோடு நிற்காமல் உடம்பை வைத்துக் குணத்தையும் சொல்லலாம் என்றார், அந்தப் பகுதியை அறிவியல் தூக்கிப் போட்டுவிட்டது. பிறகு 1967-ல் ஹீத், கார்ட்டர் என்ற இருவர் இதை அளவு நாடா முறையாக மாற்றினார்கள்: உயரம், எடை, நான்கு இடங்களில் தோல் மடிப்பு, முழங்கை முழங்கால் எலும்பின் அகலம், புஜம் கெண்டைக்கால் சுற்றளவு எல்லாம் எடுத்து ஒவ்வொருவருக்கும் மூன்று எண்கள் கொடுப்பார்கள். அதாவது எல்லோரிடமும் மூன்றுமே இருக்கிறது, விகிதம்தான் வேறு. அந்த விகிதமும் சாப்பாட்டாலும் பயிற்சியாலும் வயசாலும் மாறும். நாலு கேள்விக்கு விடை சொல்லி நீ இந்த வகை என்று முடிவு கட்டுவதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஒல்லியாக இருக்கிற பிள்ளைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது நம் நாட்டுக்கு ரொம்ப முக்கியம். புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இங்கிலாந்தின் டாக்டர் யுட்கின் இருவரும் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தங்கள் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்கிற கணக்கு, ஒன்றுதான், 22.3. உள்ளே அளந்து பார்த்தால் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளியே ஒல்லி, உள்ளே தசை குறைவு, கொழுப்பு அதிகம், இது நம் மக்களிடம் நிறைய. அந்த வரிசையில் "சரி" என்று தலையாட்டி உள்ளே அனுப்பப்பட்ட ஒல்லிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே தசை இருந்தது? அவர்களுக்கு வேண்டியது முட்டை, பருப்பு, சுண்டல், பால், மீன். சத்துணவில் கிடைக்கும் முட்டையைத் தோழிக்குக் கொடுத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் வருகிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன், கேட்டால் "குண்டாயிடுவேன் டீச்சர்" என்கிறார்கள்.

இதில் எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. நானும் குண்டு எறிந்தவள்தான். பதினேழு வயதில் 4 கிலோ குண்டை 11.80 மீட்டர் எறிந்தேன். அப்போது ஒரு பயிற்சியாளர், நல்ல எண்ணத்தில்தான், எடையைக் குறைத்தால் சுழற்சியில் வேகம் வரும், 12 தாண்டிவிடுவாய் என்றார். காலையில் இரண்டு இட்லி, மதியம் ஒரு கரண்டி சாதம், இரவு வெறும் மோர். நான்கு மாதத்தில் 9 கிலோ இறங்கியது. எல்லோரும் பாராட்டினார்கள், அம்மா மட்டும் அழுதாள். குண்டு 10.60-க்கு மேல் போகவே இல்லை. மாதவிடாய் ஐந்து மாதம் நின்றுபோனது, யாரிடமும் சொல்லவில்லை. முன்னங்கால் எலும்பில் ஓயாத வலி, எக்ஸ்ரே எடுத்தபோது மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதோடு என் போட்டி வாழ்க்கை முடிந்தது. போன 9 கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு கொழுப்பு என்று அன்று யாரும் பார்க்கவில்லை, எனக்கும் பார்க்கத் தெரியாது. செலவழிக்கிற அளவுக்குச் சாப்பிடாத விளையாட்டு வீரர்களுக்கு ஹார்மோன், எலும்பு, பலம் எல்லாம் சேர்ந்து இறங்கும் இந்த நிலைக்கு 2014-ல்தான் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ஒரு பெயர் வைத்தது. பெண் உடம்பு உயிர் வாழவே நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் கொழுப்பு வேண்டும், ஆணுக்கு அது மூன்று பங்குதான், இதைப் பாடத்தில் படித்தபோது எனக்கு இருபத்தி நான்கு வயது.

கபடியிலும் இதே கதை வேறு மாதிரி நடக்கிறது. எடைப் பிரிவு வைத்து நடக்கும் ஊர்ப் போட்டிகளுக்கு முந்தின நாள் பையன்கள் தண்ணீர் குடிக்காமல், வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடி, இரண்டு மூன்று கிலோ இறக்குகிறார்கள். இறங்குவது தண்ணீர். அடுத்த நாள் தொடையைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருள்கிறான், தலை சுற்றுகிறது என்கிறான். பெரியவர்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இதை நிறுத்துங்கள் என்று போட்டி நடத்துபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

என் மாணவியின் எடையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய்ச் சர்க்கரை, தைராய்டு, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தோம். ரத்தம் மட்டும் குறைவாக இருக்கிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலப் பன்னுக்கும் டீக்கும் பதில் சுண்டல், வேர்க்கடலை என்று அவள் அம்மாவோடு பேசி மாற்றியிருக்கிறோம். அவளைத் தராசில் ஏற்றுவதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குதிக்கும் உயரத்தையும், நின்ற இடத்திலிருந்து எறியும் தூரத்தையும், 30 மீட்டர் ஓடும் நேரத்தையும் மட்டும் நோட்டில் எழுதுகிறேன். முதல் இரண்டும் ஏறி, ஓடும் நேரம் இறங்கிக்கொண்டிருந்தால் உடம்பு சரியான பக்கம் போகிறது என்று அர்த்தம், எடை ஒரு கிலோ கூடினாலும் குறைந்தாலும்.

தேர்வு நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பிள்ளை களத்துக்கு வந்தால் முதலில் ஏதாவது செய்யச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் தாண்டச் சொல்ல ஓர் அளவு நாடா போதும், எறியச் சொல்லக் கனமான மெடிசின் பால் ஒன்று போதும், ஒரு ஸ்டாப்வாட்ச் போதும், ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிஷம் ஆகாது. தாண்டுபவரா, ஓடுபவரா, எறிபவரா என்று பார்த்து அதற்கேற்ற கணக்கைப் போடுங்கள், எல்லோரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். பதிமூன்று வயதில் ஒரு பெண் வளர்ந்து முடிந்திருப்பாள், அதே வயதில் இன்னொருத்திக்கு வளர்ச்சியே ஆரம்பித்திருக்காது, பையன்களிடம் இந்த வித்தியாசம் இன்னும் இரண்டு வருஷம் தள்ளி வரும். அதனால் இன்று முன்னால் இருப்பவரை மட்டும் எடுத்துக்கொண்டு, வளரக் காத்திருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை அளந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், தயவு செய்து பிள்ளைகளின் எடையை மைக்கில் வாசிக்காதீர்கள். இரண்டு இடங்களில் நான் கேட்டிருக்கிறேன், பெண் பிள்ளைகள் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அந்தத் தேர்வுக்குப் பிறகு ஒரு வாரம் அவள் கிரவுண்டுக்கு வரவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எட்டாவது நாள் சாயங்காலம், மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, நான் அறையைப் பூட்டப் போகும்போது வந்து வாசலில் நின்றாள். "டீச்சர், குண்டு குடுங்க, நாலு தடவ மட்டும் போட்டுட்டு வர்றேன்" என்றாள். பதினொரு தடவை போட்டாள். ஒன்பதாவது தடவை 10.37. வெளிச்சம் குறைந்துவிட்டதால் கைப்பேசி டார்ச்சைப் பிடித்து இரண்டு முறை அளந்தேன். அடுத்த தேர்வுக்குத் தேதி அறிவித்ததும் அவளை மறுபடி கூட்டிக்கொண்டு வருவேன், அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை,
திருவாரூர் மாவட்டம்.